குதிரைக்குப் பின்னாடி போகாதே

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு சொன்னா யாரும் நம்பப் போறதில்ல. அதனால உண்மையான காரணத்தையே சொல்லிடறேன். எங்க வீட்டுச் சின்னவளுக்குக் கையில மாவுக்கட்டு. ஆறு வாரம். குதிரை உதைச்சிருச்சு.

சிரிக்காதீங்க மக்கா. எலும்பு டாக்டரே சிரிச்சுட்டார். "பைக்ல விழுந்தவன், மாடிப்படியில உருண்டவன் எல்லாம் பாத்திருக்கேன். மெட்ராஸ்ல குதிரை உதைச்சு வந்த பேஷண்ட் நீதாம்மா"ன்னு சொல்லிட்டுக் கட்டுப் போட்டார்.

நடந்தது இதுதான். சின்னவளுக்குப் பன்னெண்டு வயசு. குதிரை ஏறக் கத்துக்கணும்னு ஒரு வருஷமா நச்சரிப்பு. "நீச்சல் கத்துக்கோ, உபயோகமா இருக்கும்"னு தங்கமணி சொல்லிப் பார்த்தாங்க. எடுபடல. ஊருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில சேர்த்தேன். பேர் வேண்டாம், யாரையும் வம்புக்கு இழுக்க எழுதல. முதல் நாளே ஹெல்மெட் மாட்டி, தூக்கி உக்கார வெச்சு, முக்கால் மணி நேரம் சுத்திக் கூட்டிட்டு வந்தாங்க. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோவா எடுத்துத் தள்ளினேன். வாட்ஸப்புல சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிப் பெருமை வேற.

நாலாவது வாரம். இறங்கினதும் குதிரை வால்ல வைக்கோல் ஒட்டியிருக்கேன்னு எடுக்கப் போயிருக்கா. நேரா பின்பக்கமா. சத்தம் குடுக்காம. ஒரே உதை. கையை முன்னால நீட்டியிருந்ததால கையோட போச்சு. நெஞ்சுல பட்டிருந்தா... வேணாம், அதை எழுதல.

அங்க இருந்தவர் ஓடி வந்து, "அது கொஞ்சம் முரட்டுக் குதிரை சார், உங்க பொண்ணுக்கு வேற மாத்திடறோம்"னார்.

முரடெல்லாம் ஒண்ணும் இல்ல. குதிரைக்குக் கண் ரெண்டும் தலையோட ரெண்டு பக்கத்துலயும் இருக்கு. கிட்டத்தட்ட சுத்தி முழுக்கத் தெரியும். தெரியாத இடம் முக்கியமா ரெண்டு. ஒண்ணு நெத்திக்கு நேர் முன்னால கொஞ்சம், இன்னொண்ணு நேர் பின்னால. பின்னாடி சத்தமில்லாம ஒண்ணு வந்து தொட்டா, அது புலியா பன்னெண்டு வயசுப் பொண்ணான்னு திரும்பிப் பார்த்து முடிவு பண்ண அதுக்கு நேரம் கிடையாது. உதைக்கும். உதைச்ச இனம்தான் பிழைச்சு வந்திருக்கு.

இது எனக்கு ஒன்பது வயசுலயே தெரியும். இந்தப் பதிவை எழுத வெச்சது அதுதான்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் ராயகிரி. சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவுல, மலையைப் பாத்த மாதிரி இருக்கும். நான் சின்னப் பையனா இருந்தப்போ திருநெல்வேலி ஜில்லா, 2019லேர்ந்து தென்காசி மாவட்டம். 1983 வாக்குல எங்க தெருக்கோடியில ஒரு குதிரை வண்டி நின்னுக்கிட்டிருக்கும். வண்டிக்காரரை ஊரே ராவுத்தர்னு கூப்பிடும். எனக்கு ராவுத்தர் தாத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, கல்யாணத்துக்குப் போறவங்க, எலுமிச்சை மூட்டை, எல்லாம் அந்த வண்டியிலதான்.

எனக்கு அந்தக் குதிரை மேல ஏறணும். அதுக்காக அவர் பின்னாடியே திரிஞ்சேன். மனுஷன் விடவே இல்ல. முதல் மாசம் முழுக்கச் சாணி அள்ளுற வேலை. அதுக்கப்புறம் காணம் ஊறப்போடுற வேலை (கொள்ளுன்னு சொல்வீங்களே, எங்க ஊர்ல அது காணம்). அப்புறம் வைக்கோலை முறுக்கி உடம்பு தேய்ச்சு விடுறது. குளம்பைத் தூக்கிக் கல்லு சிக்கியிருக்கான்னு பாக்குறது.

"ஏலே, பக்கத்துல வரும்போது பேசிக்கிட்டே வா. ஊமையன் மாதிரி வந்தா அதுக்குக் கோவம் வரும்."

"சுத்திப் போவணும்னா மேல கைய வெச்சுத் தடவிக்கிட்டே போ. இல்லையா, நாலு முழம் தள்ளிப் போ. பின்னாடி மட்டும் போவாத."

"ஓடி வந்த குதிரைக்கு உடனே தீனி வைக்காதல. மனுசன் ஒத்துக்கலன்னா கக்கிருவான். குதிரைக்குக் கக்கத் தெரியாது. வயிறு வீங்கிச் செத்துப்போவும்."

குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்கறதும், வயித்து வலிதான் குதிரைகளைக் கொல்லுற முக்கியமான நோய்கள்ல ஒண்ணுங்கறதும் ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷன் காணத்தை அளந்து போட்டுக்கிட்டே சொன்னது அது.

"எப்ப தாத்தா ஏத்துவீங்க?"ன்னு தினமும் கேப்பேன். "ஏறுறது கடைசிப் பாடம்ல. மொதப் பாடமே உனக்கு இன்னும் முடியல"ன்னுவார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ஏத்தினார். சேணம் இல்ல, அங்கவடி இல்ல, கடிவாளம் என் கையில இல்ல. பிடரி மயிரைப் புடிச்சுக்கிட்டு உக்காருன்னு சொல்லிட்டு, அவர் கயித்தைப் புடிச்சு நடந்தார். நூறு அடி போயிருப்போம். அந்த நூறு அடிதான் என் வாழ்க்கையிலயே நான் செஞ்ச குதிரைச் சவாரி.

ஒண்டிவீரன் கதையை முதல்ல அவர்கிட்டதான் கேட்டேன். எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நெற்கட்டும்செவல் பூலித்தேவனோட தளபதி. தென்மலையில வெள்ளைக்காரன் பட்டாளம் முகாம் போட்டிருக்கு. அங்க புகுந்து குதிரையைக் கொண்டு வர்றேன்னு ஒத்தை ஆளா போறார். குதிரையை அவிழ்க்கும்போது அது மிரண்டு கனைச்சிருது. காவலாளிங்க ஓடி வர, இவர் புல்லுக்குள்ள படுத்துக்கறார். வந்தவன் குதிரையைத் திரும்பக் கட்ட முளைக்குச்சியை அடிக்கறான். அது இவர் கை வழியா இறங்குது. சத்தமே போடல. எல்லாரும் போனப்புறம் கையை வெட்டி விட்டுட்டுக் குதிரையோட வெளியேறுறார். கதை இப்படிப் போகும். கேக்கும்போது எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுப் போகும்.

ராவுத்தர் தாத்தா மட்டும் கதையை வேற மாதிரி முடிப்பார். "வீரந்தாம்ல. யாரு இல்லன்னா? ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாடியே போயி அந்தக் குதிரைக்கு ஒருவாய்ப் புல்லு குடுத்துப் பழகியிருந்தாம்னா கனைச்சிருக்காது. கையும் போயிருக்காது."

*

இப்போ மேட்டருக்கு வர்றேன். சின்னவ கட்டோட படுத்திருந்த ஆறு வாரத்துல குதிரையேற்றப் பள்ளிகளோட வரலாற்றை உக்காந்து படிச்சேன். கோவத்துல ஆரம்பிச்ச படிப்பு. "இவங்க எல்லாம் என்னத்தைச் சொல்லிக் குடுக்கறாங்க"ன்னு. படிக்கப் படிக்க கோவம் வேற பக்கம் திரும்பிடுச்சு.

முதல்ல நம்ம கதை. தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியா வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துல குதிரைகள் கப்பல்ல வந்து இறங்கினதைப் பட்டினப்பாலையே சொல்லுது. மாணிக்கவாசகர் கதையை எடுத்துக்குங்க. அதுல பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வெச்சுட்டுப் பாத்தா என்ன இருக்கு? ராஜா கஜானாவைத் திறந்து மந்திரிகிட்ட பணம் குடுத்துத் துறைமுகத்துக்குக் குதிரை வாங்க அனுப்பறான். அந்தப் பணம் கோயிலுக்குப் போயிடுது. ராஜாவுக்குக் கோவம் வருது. குதிரை அவ்வளவு பெரிய செலவு. ஆவணி மூலத்துக்கு மதுரையில இன்னிக்கும் நரியைப் பரியாக்கினதை நடத்திக் காட்டுறோம்.

1290கள்ல மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். எங்க ஊர்லேர்ந்து கிழக்கே போனா வர்ற கடற்கரைதான். அவர் சொன்ன காயல் துறைமுகம் இன்னிக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு. குதிரையைப் பத்தி அவர் எழுதினதைப் படிச்சா நமக்குக் கொஞ்சம் வெக்கமா இருக்கும். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்கறார், அவரோட சகோதரர்களும் அதே மாதிரி வாங்கறாங்க, வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சறதில்லன்னு எழுதறார். காரணமும் சொல்றார். குதிரையைப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது. சோத்தையும் கறியையும் போட்டு வளக்கறாங்க. லாடம் அடிக்கறவன், வைத்தியம் பாக்கறவன் யாரும் இந்தக் கரைக்கு வந்துடாம குதிரை வியாபாரிங்களே பாத்துக்கறாங்க. ஏன்னா குதிரை சாகச் சாகத்தான் அவங்களுக்கு வியாபாரம்!

மார்க்கோ போலோ கணக்கை அப்படியே நம்பணும்னு இல்ல. எதையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார். ஆனா அதே காலத்துப் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃபும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்றார். மாபார், காம்பே பக்கமெல்லாம் வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை ஏத்துமதி ஆச்சாம் (மாபார்ங்கறது அவங்க நம்ம கரைக்கு வெச்ச பேர்). ஒரு குதிரை 220 பொன் தினார். கடல்ல வரும்போது செத்துப்போன குதிரைக்கும் நம்ம ராஜா காசு குடுத்தாராம்!

கடல்ல செத்த குதிரைக்குக்கூடக் காசு குடுத்த ராஜ்ஜியத்துக்கு, உயிரோட வந்த குதிரையைக் காப்பாத்த நாலு பேரைப் பழக்கணும்னு தோணல. எழுநூறு வருஷம் கழிச்சுப் படிக்கும்போதும் வயிறு எரியுது.

புத்தகமே இல்லன்னு சொல்ல வரல. வடமொழியில சாலிஹோத்ரம்னு குதிரை வைத்தியமே தனி சாஸ்திரம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல நகுலன் பேர்ல அசுவ சாஸ்திரச் சுவடி இருந்து, 1952ல அச்சாச்சு. புத்தகம் அரண்மனையில இருந்தது. கை வேலை லாயத்துல இருந்தது. ரெண்டும் ஒண்ணா உக்காந்து பேசிக்கல. குதிரைக்குச் சாணி அள்ளினவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிச்சவன் சாணி அள்ள வரமாட்டான். நம்ம ஊர்ல எத்தனையோ வித்தை இப்படித்தான் நாசமாப் போச்சு, குதிரை அதுல ஒண்ணு.

*

உலகத்துல கிடைச்ச ரொம்பப் பழைய குதிரைப் பாடப்புத்தகங்கள்ல ஒண்ணு களிமண் பலகையில இருக்கு. எழுதினவர் பேர் கிக்குலி. மித்தானி நாட்டுக்காரர். சுமார் 3400 வருஷத்துக்கு முன்னால. இன்னிக்குத் துருக்கியில இருக்குற ஹத்துசாவுல அந்தப் பலகைகள் கிடைச்சது. அதுல குதிரை எத்தனை சுத்து ஓடணும்னு சொல்றதுக்கு ஐக, தேர, பஞ்ச, சத்தன்னு எண்ணறாங்க. கேட்ட மாதிரி இருக்கா? சமஸ்கிருதத்துக்கு நெருங்கின சொந்தம். எனக்கு முக்கியமாப் பட்டது வேற. அந்தப் பாடம் தேர்க் குதிரையை மாசக்கணக்குல பழக்குறதைப் பத்தினது. பக்கத்துக்குப் பக்கம் என்ன தீனி, எவ்வளவு தண்ணி, எப்போ குளிப்பாட்டணும், எப்போ போர்வை போத்தணும், எவ்வளவு தூரம் மெதுவா நடத்தணும்னுதான் போகுது. எங்க ராவுத்தர் தாத்தா பாடத்திட்டம் அப்படியே!

அப்புறம் வியன்னா. குதிரையேற்றப் பள்ளின்னு சொன்னாலே முதல்ல வர்ற பேர் அங்க இருக்குற ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல். ஆஸ்திரியாவுல இருக்கு, ஸ்பானிஷ்னு பேர். ஏன்னா ஆரம்பத்துல குதிரைகள் ஸ்பெயின்லேர்ந்து வந்த வம்சம். அதாவது அவங்களும் நம்மள மாதிரியே இறக்குமதி பார்ட்டிதான்! ஆனா வாங்கிட்டே இருக்கல. 1580ல லிப்பிட்சான்னு ஒரு இடத்துல பண்ணை போட்டு வளத்தாங்க (இன்னிக்கு அது ஸ்லோவேனியாவுல இருக்கு). பள்ளியைப் பத்தின முதல் குறிப்பு 1572ல வருது. இப்போ இருக்குற வெள்ளைக் கட்டடத்தைப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1729ல ஆரம்பிச்சு 1735ல திறந்தார். சரவிளக்கு எல்லாம் தொங்கும். அந்தக் குதிரைகள் பொறக்கும்போது கறுப்பா, பழுப்பா இருக்கும், வளர வளரத்தான் வெள்ளையாகும்.

ராஜா காலத்து ஜம்பம்தானேன்னு நானும் நினைச்சேன். உள்ளே எப்படிச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு படிச்சதும் வாயடைச்சுப் போச்சு.

புதுசா சேர்ற பையனோ பொண்ணோ லாயத்துலதான் ஆரம்பிக்கணும். குதிரையைத் தேய்ச்சு விடணும், சேணத்தைத் துடைக்கணும். குதிரை மேல ஏத்தினாலும் கையில கடிவாளம் கிடையாது, காலுக்கு அங்கவடி கிடையாது. வாத்தியார் நீளமா ஒரு கயித்தைப் புடிச்சுக் குதிரையை வட்டமா ஓட விடுவார். மேல இருக்குறவன் உக்காரக் கத்துக்கணும். அவ்வளவுதான். அதுவே மாசக்கணக்கு, வருஷக்கணக்கு. முழுசா ஒரு சவாரிக்காரரா ஆக எட்டுலேர்ந்து பன்னெண்டு வருஷம்கூட ஆகுமாம். வயசான, அனுபவப்பட்ட குதிரைகிட்ட புதுப் பையனை விடுவாங்க. பழம் தின்னு கொட்டை போட்ட சவாரிக்காரர்கிட்ட புதுக் குதிரையைக் குடுப்பாங்க. பையனுக்குக் குதிரை வாத்தியார், குதிரைக்கு மனுஷன் வாத்தியார். பெரும்பாலும் வாய்வழியா, கைவழியா வந்த பாடம்.

கயிறு, பிடரி மயிர், நூறு அடி... எனக்கு ஞாபகம் வந்தது உங்களுக்கும் வந்திருக்கும்.

வியன்னாவைத் தூக்கி வெச்சு ஆடவும் வேணாம். 1918ல ராஜாங்கம் போறவரைக்கும் அது அரண்மனைச் சொத்து, பெரிய மனுஷங்க விளையாட்டு. பொண்ணுங்களைப் பயிற்சிக்குச் சேத்தது 2008லதான். 1572லேர்ந்து கணக்குப் போட்டா 436 வருஷம்! ஆனா ஒரு விஷயத்துல அவங்களைப் பாராட்டணும். ராஜா போனப்புறம் வித்தையைக் கைவிடல. ஜனங்ககிட்ட டிக்கெட் வித்துப் பள்ளியை நடத்தினாங்க. 1945ல குண்டு விழும்போது, இயக்குநர் பொதாய்ஸ்கி குதிரைகளை வியன்னாவுலேர்ந்து வெளியேத்தி சாங்க்ட் மார்ட்டின்னு ஒரு ஊருக்குக் கொண்டு போனார். அமெரிக்கத் தளபதி பேட்டன் முன்னால மே 7ஆம் தேதி குதிரைகளை ஆட விட்டுப் பாதுகாப்புக் கேட்டார். சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்துல குதிரைப் பள்ளியைக் காப்பாத்தணும்னு நினைச்சிருக்காங்க. 2015ல யுனெஸ்கோ மரபுப் பட்டியல்லயும் இடம் கிடைச்சது. கட்டடத்துக்காக இல்ல, அந்தக் கை வித்தைக்காக.

*

வெள்ளைக்காரன் நம்ம ஊர்ல என்ன பண்ணினான்? குதிரை ஏறத் தெரியாதவன் கலெக்டர் ஆக முடியாதுன்னு சட்டம் வெச்சான். ஐ.சி.எஸ். தேர்வுல குதிரையேற்றமும் ஒரு பாடம். அரவிந்தர் எழுத்துத் தேர்வெல்லாம் பாஸ் பண்ணிட்டு, 1892ல குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாம விட்டதாலதான் ஐ.சி.எஸ். ஆகல. போயிருந்தா எங்கயாவது ஒரு ஜில்லாவுல கலெக்டரா இருந்திருப்பார், 1910ல நம்ம புதுச்சேரிக்கு வந்திருக்க மாட்டார். அந்தக் கலெக்டர்களோட குதிரைக்குச் சேணம் கட்டினவங்களுக்கு எந்தப் பரீட்சையும் இல்ல, சர்ட்டிபிகேட்டும் இல்ல. ஏறத் தெரிஞ்சவன் துரை, பாத்துக்கத் தெரிஞ்சவன் குதிரைக்காரன். அவ்வளவுதான் மரியாதை.

இன்னிக்கு நிலைமை என்ன? ஒரு பக்கம் சந்தோஷம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில நம்ம குதிரையேற்ற அணி டிரெஸ்ஸாஜ்ல தங்கம் வாங்குச்சு. 1982க்கு அப்புறம், 41 வருஷம் கழிச்சு இந்த விளையாட்டுல தங்கம். பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா டோக்கியோ ஒலிம்பிக்ல இறுதிச் சுத்து வரைக்கும் போய் 23ஆவது இடம் வந்தார். இவங்கெல்லாம் ஐரோப்பாவுல போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தவங்க. ஏன் அவ்வளவு தூரம் போகணும்னு யோசிச்சா, அங்க போட்டியும் குதிரையும் மட்டும் இல்ல, நூத்துக்கணக்கான வருஷமா அறுபடாம வந்த வாத்தியார் வரிசையும் இருக்கு.

இன்னொரு பக்கம், இன்டர்நேஷனல் ஸ்கூல் விளம்பரத்துல ஏசி வகுப்புக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவுல குதிரை. மெரினாவுலயும் கொடைக்கானல் ஏரிக்கரையிலயும் ஒரு ரவுண்டு, ஒரு போட்டோ. நான் செஞ்சதும் அதுதானே? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோ.

என் கருத்து இதுதான், கல்லெறியுறவங்க எறியலாம். குதிரையேற்றம்னு ஒரு பாடம் தனியா கிடையாது. குதிரையைப் பாத்துக்கறதுதான் பாடம், ஏறுறது அதோட கடைசி அத்தியாயம். அந்த வரிசையை மாத்தாம வெச்சிருந்த பள்ளி நானூத்தி அம்பது வருஷமா நிக்குது. வரிசையைத் தலைகீழாக்கினா, அன்னிக்கு ராஜாவோட குதிரைங்க செத்துச்சு, இன்னிக்கு என் பொண்ணு கை ஒடிஞ்சுச்சு. "காசு குடுத்தாச்சு, ஏத்தி விடுங்க"ன்னு கேக்குற அப்பனும், "காசு வாங்கியாச்சு, ஏத்தி விட்டுருவோம்"னு நினைக்குற பள்ளியும் சேந்துதான் குதிரைக்கு முரடுன்னு பேர் வாங்கிக் குடுக்கறோம்.

பள்ளியை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. எனக்குத் தெரியும்ல? ஒன்பது வயசுல ஒரு மனுஷன் ரெண்டு மாசம் மெனக்கெட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. பின்னாடி போகாதேன்னு ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையை நான் என் பொண்ணுக்குச் சொல்லல. காசு கட்டியாச்சு, சொல்லிக் குடுக்கறதுக்கு அங்க ஆள் இருக்கு, நமக்கென்னன்னு இருந்துட்டேன். நம்ம ஊர்ல இந்த வித்தை ஏன் அத்துப்போச்சுன்னு மார்க்கோ போலோவுலேர்ந்து தேட வேண்டியதே இல்ல. அத்த இடம் நான்தான்.

*

கட்டுப் பிரிச்சதும் சின்னவளைக் கூட்டிக்கிட்டு ராயகிரி போனேன். ராவுத்தர் தாத்தா 1998லயே மௌத்தாயிட்டார். நான் அப்போ மெட்ராஸ்ல வேலை தேடிக்கிட்டிருந்தேன், போகல. லாயம் இருந்த இடத்துல இப்போ அவர் மகனோட லோடு ஆட்டோ நிக்குது. குதிரை கட்டுற கல்லு மட்டும் அப்படியே இருக்கு, கயிறு உரசின தடத்தோட. சின்னவ அதைத் தடவிப் பாத்துக்கிட்டே நின்னா.

"அண்ணே, தாத்தா உங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்தாரா?"ன்னு கேட்டேன்.

"எங்கத்தா சொல்லத்தான் செஞ்சாக. நாந்தான் கேக்கல தம்பி. ஆட்டோ வந்துருச்சுல்லா"ன்னார். அப்புறம் டீ குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு அவருக்கு. எந்தச் சுழி இருந்தா குதிரை வாங்கலாம், எது ஆகாது. லாடத்துக்கு எத்தனை ஆணி. வயிறு வீங்கினா படுக்க விடாம நடத்திக்கிட்டே இருக்கணும். நான் நோட்டுல ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டேன்.

ராவுத்தர்ங்கறதை நான் ரொம்ப காலம் அவரோட பேருன்னே நினைச்சிருந்தேன். அந்தச் சொல்லுக்கே குதிரை வீரன்னுதான் அர்த்தம். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன்னு கூப்பிடுவார், மயில் மேல சவாரி வர்றதால. பேர்லயே வித்தையை வெச்சுக்கிட்டு எங்க தெருக்கோடியில ஒரு பல்கலைக்கழகம் நின்னுக்கிட்டிருந்திருக்கு. நாங்க அதுல ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வந்திருக்கோம்.

திரும்பி வந்ததும் சின்னவ மறுபடி குதிரை வகுப்புக்குப் போகணும்னா. தங்கமணி என்னை எரிச்சுடற மாதிரி பாத்தாங்க. நான் கூடப் போனேன். "ஒரு மாசத்துக்கு இவ ஏற வேணாம் சார். தீனி போடட்டும், தேய்ச்சு விடட்டும், சாணி அள்ளட்டும்"னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "ஏறலன்னாலும் ஃபீஸ் அதேதான் சார்"னார். சரின்னுட்டேன் :-)

"அந்த முரட்டுக் குதிரையே குடுங்க அங்கிள்"னு கேட்டுருக்கா. அதுக்குப் பேர் ராணியாம். நாலு வாரம் மேல உக்காந்து சுத்தினப்போ பேர்கூடத் தெரியாது அவளுக்கு. போன சனிக்கிழமை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஏதோ பேசிக்கிட்டே போறா, கை குதிரை முதுகுல இருக்கு, தடவிக்கிட்டே அந்தப் பக்கம் சுத்தி வர்றா. ராணி காதை மட்டும் அவ பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு அசையாம நிக்குது. போனை எடுக்கல நான்.

உங்க ஊர்லயும் ஒரு குதிரை வண்டிக்காரரோ, லாடம் அடிக்கறவரோ மிச்சம் இருப்பார். அந்தியூர் குதிரைச் சந்தைக்கு ஆடி மாசம் போறவங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. பழனி, மதுரைப் பக்கம் இருப்பாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்காந்து கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. அதைவிட முக்கியம், உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க.

பி.கு.: லாடத்துக்கு எத்தனை ஆணின்னு கடைசி வரைக்கும் சொல்லலையேன்னு கேப்பீங்க. ராவுத்தர் தாத்தா மகன் ஒரு எண்ணிக்கை சொன்னார், அப்புறம் "இல்ல, இருங்க"ன்னு விரல் விட்டு எண்ணி வேற சொன்னார். தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க, நோட்டுல திருத்திக்கிறேன்.